மீண்டும் கைநாட்டா?

மலாயாத் தோட்டங்களில் சம்பள நாளன்று, பட்டியலில் தம் பெயருக்கு எதிரே பெருவிரலை மையில் தோய்த்து ஊன்றிவிட்டு நகர்ந்த தலைமுறை ஒன்று இருந்தது. 'கைநாட்டு' என்பது அந்தத் தலைமுறையின் மீது ஒட்டப்பட்ட வசைச்சொல். எழுத்தறியாதவன், ஏய்க்கத் தக்கவன், விரலைப் பிடித்து அழுத்தி எதில் வேண்டுமானாலும் ஒப்புதல் வாங்கிவிடத் தக்கவன் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த மகனோ மகளோ மண்ணெண்ணெய் விளக்கடியில் தந்தையின் கையைப் பிடித்து அவர் பெயரை எழுதப் பழக்கிய நாளும், அடுத்த சம்பளத்தின்போது அவர் மைத்தட்டை ஒதுக்கிவிட்டுக் கோணல்மாணலாகக் கையெழுத்திட்ட நாளும் அக்குடும்பங்களுக்குத் திருநாளுக்கு ஒப்பானவை. அத்தந்தையரின் பேரப்பிள்ளைகள் இன்று கண்ணாடித் திரையொன்றில் அதே பெருவிரலை ஊன்றித் திறன்பேசியைத் திறக்கின்றனர். அன்று இழிவின் அடையாளமாக இருந்த செயல் இன்று நாகரிகத்தின் முத்திரை. காலம் செய்த இக்கேலியை இரசிக்கலாம். ஆயினும், அன்றைய கைநாட்டில் இருந்த குறை இன்றைய கைநாட்டில் நீங்கிவிட்டதா எனக் கேட்பார்தாம் அரிதாக உள்ளனர்.

விரல்ரேகை, முகம், கருவிழி ஆகிய உடலடையாளங்களைக் கொண்டு பூட்டைத் திறக்கும் முறையைப் பயோமெட்ரிக் என வணிக உலகம் அழைக்கிறது. விரல்ரேகை உணரி அதற்கு முன்பும் சில கைப்பேசிகளில் இருந்தது எனினும், 2013 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 5எஸ் கருவியில் அதைப் பொருத்திய பின்னரே உலகெங்கும் பரவியது. 2017இல் அதே நிறுவனம் முகத்தைக் காட்டித் திறக்கும் முறையைக் கொணர்ந்தது. இன்று சில நூறு ரிங்கிட்டுக்கு விற்கும் கருவியிலும் இவ்விரண்டும் உண்டு. நினைவில் வைக்க ஒன்றுமில்லை, உங்கள் உடலே திறவுகோல் என்பதுதான் விளம்பரங்கள் அனைத்தின் சாரம்.

இதில் உண்மையே இல்லை எனக் கூறுவது நேர்மையாகாது. ஐபோன் 5எஸ் அறிமுகமான மேடையிலேயே, திறன்பேசி வைத்திருப்போரில் ஏறத்தாழப் பாதிப் பேர் எந்தப் பூட்டும் இடுவதில்லை என அந்நிறுவனம் கூறியது. நாளெல்லாம் எண்களை அழுத்தச் சலிப்புற்றுக் கதவைத் திறந்தே போட்டிருந்தவர்களுக்கு விரற்பூட்டு ஒரு தாழ்ப்பாளையேனும் தந்தது. பதிவான ரேகையும் நிழற்படமாக நிறுவனத்தின் கிடங்குக்குச் செல்வதில்லை. கணிதக் குறிப்பாக மாற்றப்பட்டு, கருவிக்குள்ளேயே தனிக் காப்புப் பகுதியொன்றின் காவலில் அது இருக்கிறது. இவற்றையெல்லாம் மறைத்து வாதிடுவோர் தம் கட்சியைத் தாமே பலவீனப்படுத்திக் கொள்வர். வழக்கு இதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. இப்பூட்டு எல்லார்க்கும் ஏற்றது, இரகசிய எண்ணுக்கு இனி வேலையில்லை என்கிறார்களே, அந்த இரண்டு கூற்றுகளும் பொய்.

எவருடைய கையை மனத்தில் வைத்து இப்பூட்டு செய்யப்பட்டது? விரல் தோலில் மேடும் பள்ளமுமாக ஓடும் வரிகளின் நுண்ணிய மின்வேறுபாட்டை அளந்தோ, திரைக்கடியிலிருந்து ஒளி பாய்ச்சிப் படம்பிடித்தோ, செவிக்கெட்டாத ஒலியலையை அனுப்பியோ உணரி ரேகையை அறிகிறது. எம்முறையாயினும் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் இருந்தாக வேண்டும். தோல் மிக ஈரமாகவோ மிக உலர்ந்தோ இருத்தலும் ஆகாது. குளிரூட்டிய அறையில் காகிதத்தையும் விசைப்பலகையையும் அன்றி வேறொன்றையும் தொடாத கைக்கு இது எளிது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, மங்கில் வடிந்ததை வாளியில் சேர்த்து, பாலை உறைய வைக்கும் அமிலத்தில் ஆண்டுக்கணக்காகப் புழங்கிய கைக்கு? சிமெண்டின் காரம் தோலை அரிக்கும் என்பது கட்டுமானத் தளங்களில் கலவை சுமப்போர் எல்லாரும் அறிந்தது. உணவுக்கடையின் பின்கட்டில் காலைமுதல் இரவுவரை சவர்க்கார நீரில் தட்டுக் கழுவும் பெண்ணின் விரல்நுனி மாலைக்குள் ஊறிச் சுருங்கிவிடும். உழைப்பே அறியாதவர்க்கும் முதுமை வரும்போது தோல் உலர்ந்து வரிகள் தாழ்ந்துவிடுகின்றன.

மலேசியர்க்கு இது கேள்விப்படாத துன்பமன்று. 2001இல் அறிமுகமான மைகாட் அட்டையின் சில்லில் பெருவிரல் ரேகைகள் அடங்கியுள்ளன. முகப்பிடங்களில் அட்டையைச் செருகி விரலை வைக்கச் சொல்வது வழக்கம். வைத்த விரலை எடுத்து, சட்டையில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி வைத்து, அப்போதும் கருவி ஏற்காமல் போக, பின்னால் வரிசை நீள நீளக் கூனிக் குறுகி நிற்கும் முதியவரைக் காணாத முகப்பிடம் குறைவு. தாம் இன்னார் என்பதை அவர் அறிவார். பக்கத்தில் நிற்கும் மனைவியும் அறிவார். மேசைக்கு அப்பாலிருக்கும் இளம்பெண்ணும், அட்டையிலுள்ள படத்தைப் பார்த்து, ஐயமின்றி அறிவாள். அறியாதது கருவி ஒன்றே. ஆயினும் அங்கே கருவியின் சொல்லே செல்கிறது. அந்த முகப்பிடத்தைச் சட்டைப்பைக்குள் சுருக்கிக் கொடுத்ததைத்தான் விற்பனையாளர்கள் வசதி என்கின்றனர்.

விரல்ரேகை சாகும்வரை மாறாது என்பதும் மெத்தச் சரியன்று. சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுப் புற்றுநோயாளர் ஒருவர் 2008 டிசம்பரில் அமெரிக்கா சென்றபோது, குடிநுழைவு அதிகாரிகள் அவருடைய விரல்களில் ரேகையையே காணவில்லை. நான்கு மணி நேரம் அவர் தடுத்து வைக்கப்பட்டார். அவர் உட்கொண்டு வந்த கேப்பசிட்டபீன் என்னும் மருந்து உள்ளங்கைத் தோலையும் உள்ளங்காலையும் உரியச் செய்வது. அதில் ரேகைகளும் போயின. அவருக்கு மருத்துவம் பார்த்த சிங்கப்பூர் மருத்துவர் 2009இல் மருத்துவ இதழொன்றில் இதை எழுதிய பின்னரே உலகம் அறிந்தது. நோயுற்ற வேளையில்தான் மனிதனுக்குத் தொலைபேசி மிகவும் வேண்டியிருக்கிறது. அவ்வேளை பார்த்து அவனை அந்நியன் என்று தள்ளும் பூட்டை நல்ல பூட்டென எப்படிக் கூறுவது?

முகப்பூட்டின் கதையைச் சுருக்கமாகவே கூறலாம். 2020இல் கோவிட் பெருந்தொற்று காரணமாகச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் முகக்கவசம் கட்டாயமானபோது, உலகின் விலையுயர்ந்த கருவிகள் தம் உரிமையாளரையே கண்டுகொள்ளாமல் விழித்தன. கவசத்தோடு முகத்தை அறியும் வசதி ஐபோனில் 2022 மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் கவசம் அணியும் காலமே முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. பிறிதொருவர் முகத்துக்குத் திறக்கும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்றே என்னும் அந்நிறுவனம், இரட்டையர்க்கும் உருவொத்த உடன்பிறப்புகளுக்கும் அக்கணக்குப் பொருந்தாது எனத் தானே ஒப்புக்கொள்கிறது. இதுவும் ஆழம் அளக்கும் சிறப்புக் கருவி பொருத்திய விலையுயர்ந்த வகைக்குத்தான். முன்புறக் கேமராவை மட்டும் நம்பும் மலிவுக் கருவிகளில் பல, அச்சிட்ட நிழற்படத்துக்கே திறந்துவிடுவதை நுகர்வோர் அமைப்புகள் சோதித்துக் காட்டியுள்ளன. செல்வர்க்கு ஒரு பூட்டு, ஏழைக்கு ஒரு பூட்டு. பெயர் மட்டும் இரண்டுக்கும் ஒன்று.

இவையெல்லாம் கருவியின் குறைகள், நாளை திருத்தப்படும் எனச் சிலர் கூறுவர். திருத்தப்படலாம். ஆனால் கருவியைத் திருத்தித் தீராத குறை ஒன்று இம்முறையின் வேரிலேயே உள்ளது. விரல்ரேகை என்பது ஒருவனுடைய பெயரைப் போன்றது. அவன் இன்னான் என்பதை அது சொல்லும். பூட்டுக்கு வேண்டியதோ இரகசியம். பெயர் ஊரறிந்தது, இரகசியம் ஒருவன் மட்டும் அறிந்தது. தேநீர்க் கோப்பையிலும் பேருந்துக் கம்பியிலும் அந்தத் திறன்பேசியின் கண்ணாடியிலுமே மனிதன் நாள்தோறும் தன் ரேகையை விட்டுச் செல்கிறான். வாயிற்கதவின் திறவுகோலைப் போகுமிடமெல்லாம் படியெடுத்து வைத்துவிட்டு வருபவனை ஊர் என்னவென்று சொல்லும்?

ஜப்பானில் யோக்கோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் சுடோமு மட்சுமோட்டோ 2002இல், சமையலுக்குப் பயன்படும் ஜெலட்டின் கொண்டு போலி விரல் செய்து, தாம் சோதித்த 11 விரல்ரேகைக் கருவிகளையும் ஏமாற்றிக் காட்டினார். ஐபோன் 5எஸ் விற்பனைக்கு வந்த சில நாட்களுக்குள், ஜெர்மனியின் கேயாஸ் கணினிக் கழகத்தார் கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்துப் போலி விரல் செய்து அதனைத் திறந்தனர். அக்கழகத்தைச் சேர்ந்த ஒருவர் 2014 டிசம்பரில் ஒரு படி மேலே சென்றார். அன்றைய ஜெர்மன் தற்காப்பு அமைச்சர் உர்சுலா வான் டெர் லெயனின் பெருவிரல் ரேகையை, அவர் தொட்ட பொருள் எதுவுமின்றி, பொது நிகழ்ச்சியில் எடுத்த நிழற்படங்களிலிருந்தே வடித்தெடுத்துக் காட்டினார். 2017இல் சாம்சுங் எஸ்8 கருவியின் கருவிழிப் பூட்டும் அவர்களிடம் தோற்றது. நிழற்படத்தின் மேல் ஒரு தொடுவில்லையை ஒட்டியதே அதற்குப் போதுமாயிற்று. 2019இல் எஸ்10 கருவியின் திரைக்கு மேல் மலிவான சிலிக்கான் உறை ஒன்றை ஒட்டினால் எவர் விரலுக்கும் அது திறந்துகொள்கிறது எனத் தெரிய வந்தது. சாம்சுங் நிறுவனம் மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று.

அந்த அளவுக்கு மெனக்கெட்டுச் சாதாரண மனிதனின் விரலை யார் வடிக்கப் போகிறார் என்பது நியாயமான கேள்வியே. பலருக்கும் அந்த ஆபத்து இல்லை. ஆனால் திருடப்பட்ட எண்ணை மாலைக்குள் மாற்றிவிடலாம். திருடப்பட்ட ரேகையை என்ன செய்வது? 2015இல் அமெரிக்க மைய அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் ரேகைகள் களவு போயின. அவர்களுள் ஒருவருக்கும் அவ்வரசால் புதுவிரல் வழங்க இயலவில்லை.

போலி விரல் செய்யத் திறமை வேண்டும். உண்மை விரலைப் பறிக்க முரட்டுத்தனமே போதும். 2005 மார்ச்சில் கோலாலம்பூரின் புறநகரொன்றில் நிகழ்ந்தது உலகச் செய்தியாயிற்று. விரல்ரேகையால் மட்டுமே இயங்கும் விலையுயர்ந்த காரைக் கடத்திய கும்பல், ஒவ்வொரு முறையும் உரிமையாளரை அழைத்துவந்து விரல் வைக்கச் செய்வது தொல்லையெனக் கருதி, அவருடைய விரல்நுனியை வெட்டி எடுத்துக்கொண்டு அவரைச் சாலையோரத்தில் தள்ளிவிட்டது. இரகசிய எண்ணால் திறக்கும் பூட்டாயின் அவரை மிரட்டியிருப்பர், அடித்தும் இருப்பர். எண்ணைச் சொல்லிவிட்டு அவர் பத்து விரலோடு வீடு திரும்பியிருக்க முடியும். இன்றைய உணரிகள் வெட்டிய விரலை ஏற்கா என்கின்றனர் பொறியியலார். அவர்கள் கூறுவது சரியாகவே இருக்கட்டும். கத்தி ஏந்தி வருபவன் அவர்களுடைய ஆய்வறிக்கையைப் படித்துவிட்டா வருகிறான்?

அவ்வளவு கொடுமைக்குப் போக வேண்டியதும் இல்லை. உறங்கும் கணவனின் விரலை மனைவியோ, மனைவியின் விரலை ஐயங்கொண்ட கணவனோ, மயங்கிக் கிடக்கும் முதியவரின் விரலைப் பேரனோ எடுத்து வைத்தால் பூட்டுத் திறக்கும். 2019இல் வந்த கூகுள் பிக்சல் 4 கருவியின் முகப்பூட்டு, உரிமையாளர் கண்மூடியிருந்தபோதும் திறந்தது. பின்னரே அது திருத்தப்பட்டது. மறுத்துச் சொல்ல வாயில்லாத பூட்டுக்கு விருப்பமும் வற்புறுத்தலும் ஒன்றே. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2014இல் நீதிபதி ஒருவர், கைப்பேசியின் எண்ணைக் கூறும்படி காவல்துறை ஒருவரைக் கட்டாயப்படுத்தலாகாது, விரலை வைக்கும்படி கட்டாயப்படுத்தலாம் எனத் தீர்ப்பளித்தார். மனத்தில் உள்ளது மனிதனின் உடைமை, விரல் வெறும் தடயம் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. அங்கும் நீதிமன்றங்கள் எல்லாம் இதில் ஒத்த கருத்தின அல்ல எனினும், வேறுபாடு எங்கே உள்ளது என்பதை அத்தீர்ப்பு சரியாகச் சுட்டிவிட்டது.

விரலைத் திறவுகோலென விற்பவர்களே அதனை முழுதும் நம்புகிறார்களா? ஐபோனை அணைத்து மீண்டும் இயக்கினால் அது விரலையோ முகத்தையோ ஏற்காது, எண்ணைக் கேட்கும். ஐந்து முறை விரல் தவறினால் எண்ணைக் கேட்கும். 48 மணி நேரம் திறக்காமல் இருந்தாலும் எண்ணையே கேட்கும். ஏனெனில், கருவிக்குள் உள்ள செய்திகளை மறைத்துக் காக்கும் பெருந்திறவுகோல் அந்த எண்ணிலிருந்து பிறப்பது. விரல் அதன் ஏவலாள் மட்டுமே. ஆண்டிராய்டு கருவிகளிலும் ஏறத்தாழ இதுவே நடைமுறை. ஆக, எண்ணுக்கு வேலையில்லை என்று விளம்பரம் கூறுகிறது. எண்ணின்றி வேலையில்லை என்று கருவி கூறுகிறது. இடையில் அகப்பட்டவர், ஆறு மாதமாக விரலையே வைத்துப் பழகி எண்ணை மறந்துவிட்ட பயனர்தாம். நள்ளிரவில் மின்கலம் தீர்ந்து, மின்னேற்றி, கருவி மீண்டும் உயிர்பெறும்போது அவர் தம் சொந்த வீட்டு வாசலில் அந்நியராக நிற்கிறார்.

எதிர்த்தரப்பில் வலிமையான வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிச் செல்லலாகாது. எண்ணைக் கண்ணால் திருடலாம். நெரிசல் மிக்க இரயிலில் பக்கத்தில் நிற்பவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அமெரிக்க நகரங்களின் மதுக்கூடங்களில் எண்ணை எட்டிப் பார்த்துவிட்டுக் கருவியைப் பறித்து, வங்கிக் கணக்கையே துடைத்துச் சென்ற கும்பல்களைப் பற்றி 2023இல் செய்திகள் வந்தன. அதன்பின் 2024 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஒரு காப்பு முறையைத் தந்தது. பழகிய இடங்களுக்கு வெளியே முக்கிய மாற்றங்களைச் செய்ய விரலோ முகமோ கட்டாயம் என்பது அது. எண் தனித்து நின்றால் போதாது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இது விரலால் எண்ணை விரட்டிவிடலாம் என்பதற்குச் சான்றாகுமா? இரண்டும் சேர்ந்து காவல் நின்றதால்தான் அங்கே திருடன் தோற்றான். இரண்டில் ஒன்றை இயல்பாகவே தர முடியாத உழைப்பாளியின் நிலை என்ன என்பதற்கு அந்த ஏற்பாட்டிலும் விடையில்லை.

முதியவர்கள் எண்ணை நினைவில் வைக்கமாட்டார்கள் என்று பரிவு காட்டுவோரும் உளர். கடந்த பத்து ஆண்டுகளில் தமக்கு ஓர் இலக்கத்தால் தவறிப்போன நாலு நம்பர்களை வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் தாத்தாக்கள் நிறைந்த நாடு இது. ஒவ்வொரு நாளும் தாம் நிறுத்துக் கொடுத்த பாலின் எடையை மாதக் கடைசிவரை மனத்தில் வைத்திருந்து, கிராணியின் கணக்கில் பிழை கண்ட பாட்டிகளும் இங்கு இருந்தனர். ஆறு இலக்கம் அவர்களுக்குப் பாரமன்று. அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அவர்களுக்கு எவரும் தருவதில்லை என்பதே உண்மை.

இது விருப்பத்தைப் பொறுத்தது, வேண்டாதவர் விட்டுவிடலாமே என்று கூறும் காலமும் கடந்து கொண்டிருக்கிறது. குறுஞ்செய்தியில் ஒருமுறை எண் அனுப்பும் வழக்கத்திலிருந்து விலகும்படி 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா மலேசிய வங்கிகளைப் பணித்தது. சிங்கப்பூர் வங்கிகளும் 2024இல் அவ்வழியில் செல்வதாக அறிவித்தன. மோசடியைத் தடுக்க எடுத்த அம்முடிவு சரியானதே. அதன் விளைவாகத் திறன்பேசியே வங்கியின் வாசலாகிவிட்டது. அந்த வாசலில் விரலையோ முகத்தையோ முதலில் கேட்டுவிட்டு, எண்ணால் நுழையும் வழியைச் சிற்றெழுத்தில் கீழே ஒளித்துவைக்கும் செயலிகள் பெருகுகின்றன. சலுகையாக வந்தது கட்டளையாகும் இடம் இதுவே.

விரல்ரேகையின் வரலாற்றை அறிந்தவர்க்கு இம்மாற்றம் வியப்பளிக்காது. 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைப் பொருள் வழங்க ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பாரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் பதித்துக்கொண்டார். பின்னர் அவர் தம் ஒப்புதலை மறுத்துவிடலாகாதே என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆள்பவன் ஆளப்படுபவனிடம் கேட்டது அது. 1906இல் தென்னாப்பிரிக்க டிரான்ஸ்வாலில் இந்தியர் அனைவரும் பத்து விரல்களையும் பதிந்தாக வேண்டும் என்ற சட்டம் கிளம்பியபோது காந்தியடிகளும், தமிழர் பலர் உள்ளிட்ட ஜோகன்னஸ்பர்க் இந்தியரும் அதை எதிர்த்துச் சிறை புகுந்தனர். 1908இல் உடன்பாடு ஏற்பட்டதும், எதிர்த்த அதே காந்தியடிகள் தாமே முன்வந்து பத்து ரேகைகளையும் கொடுத்தார். தம்மவர் சிலருக்கே அது விளங்கவில்லை. கொடுப்பதில் அவருக்கு மறுப்பில்லை, கட்டாயத்தில்தான் மறுப்பு. மலாயாவில் 1948இல் அவசரகாலத்தின்போது அடையாள அட்டைக்காகப் பெருவிரலைக் கேட்டார்கள். அன்று அந்த வேறுபாட்டை விவாதிக்க எவர்க்கும் நேரமிருக்கவில்லை.

இன்று நேரமிருக்கிறது. விரலால் திறக்க விரும்புவோர் திறக்கட்டும். ஆனால் வங்கிச் செயலியும் அரசுச் செயலியும் எண்ணால் நுழையும் வழியை விரலுக்குச் சமமான இடத்தில், அதே அளவு எழுத்தில், தமிழிலும் காட்டியாக வேண்டும். ரேகை தேய்ந்தவர் என்ற காரணத்தால் ஒருவரும் எந்தச் சேவையிலிருந்தும் திருப்பி அனுப்பப்படலாகாது. விற்பனைக் கடைகளிலும் ஒரு வழக்கம் மாற வேண்டும். புதுக் கருவி வாங்க வரும் முதியவரின் விரலைக் கடைப்பையனே பிடித்து, உணரியில் அழுத்தி, உருட்டிப் பதிந்து கொடுக்கிறான். எண்ணையும் அவனே இடுகிறான்; பெரும்பாலும் ஒன்றுமுதல் ஆறுவரை, அல்லது அவர் பிறந்த ஆண்டு. மையிட்ட விரலைக் கிராணி பிடித்து அழுத்திய அதே காட்சி, மை மட்டும் இல்லை. அந்தப் பையன் கருவியை அவர் கையில் கொடுத்து, ஆறு இலக்கங்களை அவரே எண்ணி அழுத்தும்வரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கட்டும்.